முப்பத்தோராம் நம்பர் தட்டு

மாப்பிள்ளை மூன்று நாளாகச் சாப்பிட வரவில்லை. கடல் ஒத்துக்கொள்ளவில்லையாம், அறையிலேயே படுத்திருக்கிறாராம். சொன்னவன் அவரோடு ஒரே அறையில் படுக்கிற நெட்டை. நெட்டை சொன்ன எதையும் சமையல்காரர் நம்பியதில்லை. அதில் நெட்டையின் குற்றம் ஒன்றுமில்லை, அவர் யார் சொன்னதையும் நம்புகிற ஆள் இல்லை. முட்டை அட்டையில் ஒன்று குறைந்தால் மூன்று பேரை வரிசையாக நிற்கவைத்து விசாரிப்பார். சர்க்கரை டப்பாவைக் கடைசியாக எவ்வளவு இறுக்கி மூடினோம் என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருக்கும். கப்பலில் அவருக்கு வைத்திருந்த பெயர் சி.ஐ.டி. முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள், மூன்று வேளையும் அவர் கையால்தானே சாப்பிட்டாக வேண்டும்.

வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கப்பல் தென்துருவப் பனியின் விளிம்புவரை போகும். அங்கே குளிர்காலம் முழுக்க அடைந்து கிடக்கிற ஆராய்ச்சி நிலையத்துக்கு அரிசி, மாவு, டீசல், மருந்து எல்லாம் இறக்கும். திரும்பும்போது நிலையத்துக் குப்பையையும், உடைந்த பனி வண்டி ஒன்றையும், வருஷம் முடிந்து வீடு திரும்புகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு வரும். போகும்போது கனத்தில் அழுந்திப் போன கப்பல் வரும்போது காலியாய் மிதந்து, சும்மாவே ஆடும். தட்டு நழுவாமல் இருக்க மேஜைவிரிப்பை ஈரமாக்கி விரிக்க வேண்டும். அடுப்பின் மேல் பாத்திரத்தைச் சுற்றிக் கம்பி போட்டு இறுக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் நல்ல நல்ல மாலுமிகளே வாளியைக் கட்டிக்கொண்டு படுப்பது உண்டுதான். ஆனால் மாப்பிள்ளை மூன்று வருஷமாக இதே கப்பலில் ஃபிட்டர். இதைவிட மோசமான ஆட்டத்தில் என்ஜின் அறையில் படுத்துக்கொண்டு வால்வு மாற்றிவிட்டு, நேராக வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்ட மனிதர் அவர்.

அதுதான் சமையல்காரருக்கு உறுத்தியது.

மாப்பிள்ளை என்றால் சும்மா மரியாதைக்குச் சொல்கிற மாப்பிள்ளை இல்லை, கூடப் பிறந்த தங்கையின் புருஷன். அப்பா போனபிறகு தங்கையை வளர்த்தது சமையல்காரர். மாப்பிள்ளை பார்த்தது, விசாரித்தது, முடித்துவைத்தது எல்லாம் அவர்தான். கல்யாணமாகி எட்டு வருஷம். நடுவில் இரண்டு முறை தங்கை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு முறையும் மறுநாளே அதே பெட்டியை அவர் தூக்கிக்கொண்டு, அவளைக் கொண்டுபோய் விட்டார். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் புத்தி சொல்லி, அவர்கள் சமையலறையிலேயே சமைத்துப் போட்டு, இருவரும் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். அதற்கப்புறம்தான் மாப்பிள்ளைக்கு இந்தக் கப்பலில் வேலை வாங்கிக்கொடுத்தார். கண்ணெதிரிலேயே இருக்கட்டும் என்று.

இந்தப் பயணம் கிளம்புகிற அன்று போனில் தங்கையிடம் சொல்லியிருந்தார். "நீ ஒண்ணுக்கும் கவலைப்படாதே. உன் புருஷனைக் கையோட கூட்டிட்டு வந்து உன் வீட்டு வாசல்ல விடறது என் பொறுப்பு." அவள், "சரிண்ணே" என்றாள். அந்த 'சரிண்ணே'தான் அவருக்கு இந்த ஆறு வாரமாகத் தெம்பு.

நான்காம் நாள் காலையில் சூப்பை ஒரு மூடி போட்ட கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு அவரே கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனார். முப்பத்தோராம் நம்பர் கட்டில் இருக்கிற அறை. அது நெட்டைக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்ந்த அறை. நெட்டை என்ஜினுக்கு எண்ணெய் போடுகிற ஆயிலர். அவன் உயரத்துக்கு அந்தக் கதவு வழியாக நிமிர்ந்து நுழைந்ததே கிடையாது. அன்று கதவை முக்கால்வாசி சாத்தி, மீதிக் கால்வாசியைத் தன் உடம்பாலேயே அடைத்துக்கொண்டு நின்றான்.

"தூங்கறார்ணே."

"எழுப்பு. நான் பாத்துட்டுப் போறேன்."

"இப்பதான்ணே கண்ணசந்தார். ராத்திரி பூரா வாந்தி."

"வாளியைக் காட்டு."

நெட்டை காதைச் சொறிந்தான். "கழுவி வெச்சுட்டேன்ணே."

சமையல்காரர் மூக்கை நீட்டி மோந்து பார்த்தார். வாந்தி நாற்றம் இல்லை. சோப்பு நாற்றமும் இல்லை. அறையிலிருந்து வந்தது வேறு ஏதோ வாசனை. டீசலும் பழைய கம்பளியும் கலந்த மாதிரி, பல மாதம் சரியாகத் தண்ணீர் படாத உடம்பு மாதிரி. "மாப்ள!" என்று குரல் கொடுத்தார். உள்ளே கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. நெட்டை கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டான்.

படியேறும்போதே அவர் மனசு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. குடிக்கிறாரோ? நிலையத்தில் யாராவது பாட்டில் கொடுத்து அனுப்பியிருப்பார்களோ? அல்லது எதையாவது எடுத்து வந்து ஒளித்து வைத்திருக்கிறாரோ? பனியிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது என்று சட்டம். போன வருஷம் ஒருத்தன் பென்குயின் இறகை பைபிளுக்குள் வைத்துக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டான். மாப்பிள்ளை அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆனால் அந்த ஆறு நாள் சரக்கு இறக்கும்போது அவரை நிலையத்து ஜெனரேட்டரைப் பழுதுபார்க்க அனுப்பிவிட்டார்கள். ஆறு நாள் கண்ணில் படாமல் இருந்த மனுஷன் என்னவாகி வந்திருக்கிறார் என்று யார் கண்டது?

கப்பலில்தான் இருக்கிறார் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அதற்குக் காரணம் வில்லை. ஏணிப்படி வாசலில் ஒரு பலகை உண்டு. ஒரு பக்கம் 'கப்பல்', மறுபக்கம் 'பனி'. ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட ஒரு பித்தளை வில்லை. பனியில் இறங்குகிறவன் தன் வில்லையை 'பனி'க்கு மாற்றி மாட்டிவிட்டு இறங்க வேண்டும், ஏறினதும் 'கப்பலு'க்கு மாற்ற வேண்டும். 'பனி' பக்கம் ஒரு வில்லை தொங்கினாலும் கப்பல் நகராது. அங்கே எல்லாரும் ஒரே சிவப்பு உடுப்பு, ஒரே கறுப்புக் கண்ணாடி, மூக்கு வரைக்கும் துணி. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அதனால் அந்தக் கப்பலில் முகத்தை யாரும் எண்ணுவதில்லை, வில்லையைத்தான் எண்ணுவார்கள். கிளம்புகிற அன்று சமையல்காரர் ஏணி வாசலிலேயே நின்றிருந்தார். முப்பத்தொன்று ஏறி வந்ததைக் கண்ணால் பார்த்தார். "மாப்ள, சூடா சூப் இருக்கு" என்று கத்தினார். சிவப்பு உடுப்பு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வில்லையை மாட்டிவிட்டு உள்ளே போனது. அப்புறம் என்ன சந்தேகம்?

சந்தேகம் தட்டில் வந்தது. மத்தியானம் நெட்டை எடுத்துப்போன தட்டு திரும்பி வந்தபோது சமையல்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, ஒன்றும் மிச்சமில்லை. ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்ட தட்டு. ராத்திரி முழுக்க வாந்தியெடுத்தவன் மத்தியானம் தட்டைத் துடைத்துச் சாப்பிடுவானா?

"நெட்டை, நீயே முழுங்கறியா?"

"ஐயையோ, இல்லண்ணே. அவர்தான் சாப்பிட்டார். கொஞ்சம் பரவாயில்லையாம்."

"பரவாயில்லைன்னா எழுந்து வரச் சொல்லு."

"தலை சுத்துதாம்ணே."

பூசி மெழுகுகிறான் என்பது நன்றாகத் தெரிந்தது. அதைவிட மோசம், சாப்பாட்டு அறையில் இருந்த மற்ற என்ஜின் ஆட்கள் நாலு பேரும் அந்த நேரம் பார்த்துத் தட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். சாதாரணமாக சி.ஐ.டி.யும் நெட்டையும் மோதினால் சிரிப்பும் கேலியுமாகக் கூரை பறக்கும். அன்று கரண்டிச் சத்தம்தான் கேட்டது. இவர்களுக்கெல்லாம் ஏதோ தெரிந்திருக்கிறது. தனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் அவர் மீன் பொரித்தார்.

பயணத்தின் கடைசி நாட்களுக்கென்று உறைபெட்டியில் வைத்திருந்த மீன். நல்ல பெரிய துண்டு, நடு முள்ளோடு. மாப்பிள்ளைக்கு மீன் வாசனை பட்டாலே குமட்டும். கல்யாண விருந்தில் பக்கத்து இலையில் மீன் விழுந்ததற்கே எழுந்து வாசலுக்குப் போய் நின்ற மனிதர். கப்பலில் மீன் சமைக்கிற நாளெல்லாம் அவருக்கு இரண்டு அவித்த முட்டையும் ரொட்டியும் தனியாகப் போகும். அன்று சமையல்காரர் முப்பத்தோராம் நம்பர் தட்டில் சோற்றின் மேல் மீனை வைத்தார். முட்டை வைக்கவில்லை. நெட்டையின் முகத்தையே பார்த்துக்கொண்டு தட்டை நீட்டினார். நெட்டை முட்டை எங்கே என்று கேட்காமல் வாங்கிப் போனான். மூன்று வருஷம் ஒரே அறையில் படுத்தவனுக்கு மாப்பிள்ளைக்கு மீன் ஆகாது என்று தெரியாதா? தெரியும். பதற்றத்தில் அவனுக்கு அது தோன்றவில்லை.

அரைமணி நேரத்தில் தட்டு வந்தது. முள் மட்டும் ஓரமாக, சப்பி வைத்த முள். ஒரு நார் சதைகூட ஒட்டியிருக்கவில்லை.

சமையல்காரர் தட்டைக் கீழே வைத்தார். பாத்திரம் கழுவுகிற தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கப்பலும் ஆடியது, அவரும் ஆடினார். அந்த அறையில் யாரோ சாப்பிடுகிறான். அது மாப்பிள்ளை இல்லை. மாப்பிள்ளை இல்லையென்றால் மாப்பிள்ளை எங்கே? வில்லையை மாட்டிய கை யாருடைய கை? அந்த மனுஷன் பனி விரிசலில் விழுந்து, பழி வந்துவிடும் என்று பயந்து இவர்கள் எல்லாரும் சேர்ந்து மூடி மறைக்கிறார்களா? போன மாசம் விரிசலில் பனி வண்டி விழுந்ததை அவர் கேள்விப்பட்டிருந்தார். அந்த உடைந்த வண்டிதான் இப்போது கீழே சரக்கறையில் கட்டிக் கிடந்தது.

தங்கையின் முகம் ஞாபகம் வந்தது. வாசலில் நின்று அவள் கேட்கப்போகிற கேள்வியும் ஞாபகம் வந்தது. அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது, கோபம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

நேராக மேலே கேப்டனிடம் போனார். கேப்டன் ஜன்னலோரம் நின்று தொலைநோக்கியில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. பனிக்கட்டிகள் எல்லாம் முந்தாநாளே பின்தங்கிவிட்டன. வெறும் சாம்பல் அலைதான்.

"சார், என் மாப்பிள்ளையை நான் பாக்கணும்."

"பாக்கலாமே. உடம்பு தேறட்டும்."

"நீங்க பாத்தீங்களா அவரை?"

கேப்டன் தொலைநோக்கியைக் கீழே வைக்கவில்லை. "டாக்டர் பாத்துட்டார்."

"டாக்டரைக் கேட்டா கேப்டனைக் கேளுங்கறார். நெட்டையைக் கேட்டா காதைச் சொறியறான். நாளைக்கு சனிக்கிழமை சார். படகுப் பயிற்சி இருக்கில்ல? அதுக்காவது எல்லாரும் வந்துதானே ஆகணும். அப்ப பாத்துக்கறேன்."

"இந்த வாரம் பயிற்சி இல்ல. ஆட்டம் ஜாஸ்தியா இருக்கு, யாராவது வழுக்கி விழுந்துடுவாங்க."

சமையல்காரர் பதினோரு வருஷமாக அந்தக் கப்பலில் இருக்கிறார். புயலில் பயிற்சி நடந்திருக்கிறது, காய்ச்சலில் பாதிப் பேர் படுத்திருந்தபோதும் நடந்திருக்கிறது. ஒரு சனிக்கிழமைகூட நின்றதில்லை. காதில் பூ சுற்றுகிறார்கள் என்று இதுவரை சந்தேகமாக இருந்தது, இப்போது உறுதியாகிவிட்டது. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் அவ்வளவு பணிவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. கேப்டனுக்கே அது உறுத்தியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணி. காலைச் சாப்பாடு முடிந்து சமையலறை கழுவி முடித்தாகிவிட்டது. சமையல்காரர் உதவியாளை மளிகை அறைக்கு வெங்காயம் பொறுக்க அனுப்பினார். நேற்றைய ரொட்டித் துண்டுகளை எண்ணெயில் தோய்த்து ஒரு தட்டில் அடுக்கினார். கதவைச் சாத்தினார். புகைப்போக்கி விசிறியை நிறுத்தினார். இரும்புத் தகட்டை முழுச் சூட்டில் வைத்து, ரொட்டியை அதில் பரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இருபத்திரண்டு வருஷச் சமையலில் அவர் கையில் எதுவும் கருகியதில்லை. ரொட்டி பொன்னிறம் தாண்டியபோது கை தானாகத் திருப்பிப்போடப் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினார். பழுப்பாயிற்று, கறுத்தது, புகைந்தது. கண் எரிந்தது. கூரையில் இருந்த புகை மணி முதலில் ஒருமுறை கூவியது, அப்புறம் கப்பல் முழுக்க எல்லா மணியும் சேர்ந்து கூவ ஆரம்பித்தது.

தீ மணி அடித்தால் கப்பலில் எந்தச் சாக்கும் செல்லாது. நோயாளியைக்கூடத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தாக வேண்டும். உயிர்காப்பு உடுப்பு போட்டு, படகுக்குக் கீழே நம்பர் வரிசையில் நிற்க வேண்டும். சமையல்காரர் தகட்டை அணைத்து, மேலே ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டு, உடுப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றார்.

காற்று முகத்தில் அறைந்தது. ஆட்கள் ஓடிவந்து வரிசையில் ஒட்டிக்கொண்டார்கள். நிலையத்திலிருந்து திரும்புகிற பதினோரு பேரும் தனி வரிசையில், சத்தத்துக்கு மிரண்டுபோய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சீஃப் ஆபீசர் பட்டியலை எடுத்து நம்பர் கூப்பிட ஆரம்பித்தார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது.

"முப்பது?"

"இருக்கேன்" என்றான் நெட்டை, கப்பல் மொத்தத்தையும் முதுகில் சுமக்கிறவன் மாதிரி.

"முப்பத்தொண்ணு?"

சீஃப் ஆபீசர் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் கடலைப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணு?"

"இருக்கேன்" என்று நெட்டையின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய குரல். கேட்டிராத குரல்.

சமையல்காரர் வரிசையை உடைத்துக்கொண்டு போனார். நெட்டையை ஒரு பக்கமாகத் தள்ளினார். பின்னால் ஒருத்தன் நின்றிருந்தான். நெஞ்சு வரைக்கும் தாடி, வெயிலில் கருகிய முகம், கண்ணைச் சுற்றிக் கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெள்ளை. உயிர்காப்பு உடுப்பின் வாரைத் தப்புத் தப்பாக முடிச்சுப் போட்டிருந்தான், கப்பலில் வேலை பார்த்தவன் எவனும் அப்படிப் போடமாட்டான்.

"யார்டா நீ?" அவன் உடுப்பைக் கொத்தாகப் பிடித்தார். "எங்கடா எங்க மாப்பிள்ளை? எல்லாரும் சேர்ந்து அவரை என்னடா பண்ணீங்க?"

"அண்ணே, அவர் நல்லா இருக்கார்ணே."

"எங்க இருக்கார்?"

தாடிக்காரன் கையைத் தூக்கி கப்பலின் பின்பக்கம் காட்டினான். அங்கே நீரைக் கிழித்து வந்த தடம் மட்டும் தெரிந்தது.

"நிலையத்துலண்ணே. என் இடத்துல. நான் அங்க ஜெனரேட்டர் மெக்கானிக். எனக்கு பதிலா வர வேண்டியவர் காலை உடைச்சுக்கிட்டார், இன்னும் ஒரு வருஷம் நீயே இருன்னுட்டாங்க. எனக்குப் பொண்ணு பொறந்து பத்து மாசம்ணே, இன்னும் பாக்கல. ஃபிட்டர் அண்ணன்தான் நான் இருக்கேன், நீ போன்னார். அவர் எனக்கு தெய்வம்ணே." அவன் அழுதுவிட்டான். அவ்வளவு பெரிய தாடிக்குள் ஒரு மனிதன் அப்படி அழுவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. சமையல்காரரின் பிடி தானாகவே தளர்ந்தது.

உயிரோடு இருக்கிறார். அது முதலில் மனசில் பதிந்தது. அடுத்த நிமிஷமே தன்னை ஒரு கப்பலே சேர்ந்து முட்டாளாக்கியிருக்கிறது என்பதும் பதிந்தது.

கேப்டன் அவரைத் தன் அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார். தலைமை அலுவலகம் ரேடியோவில் சம்மதம் சொல்லியிருந்தது, டாக்டர் பரிசோதித்திருந்தார், கையெழுத்தெல்லாம் ஆகியிருந்தது. ஒன்றும் திருட்டுத்தனம் இல்லை.

"எல்லாருக்கும் சொன்னீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே சார்?"

"அவர் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். பனி விளிம்பு தாண்டற வரைக்கும் உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னார்." கேப்டன் நெற்றியைத் தேய்த்தார். "தாண்டினதும் சொல்லியிருக்கணும். சொல்ல தைரியம் வரலை. போன வருஷம் சீஃப் இன்ஜினியர் உங்க மாப்பிள்ளையை நாலு பேருக்கு முன்னால திட்டினார்னு நாலு நாள் அவருக்கு வேகாத சோறு போட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ரொட்டி தற்செயலாக் கருகினதுன்னு எழுதிக்கறேன்."

"எனக்கு எதுவும் தற்செயலாக் கருகாது சார்" என்றார் சமையல்காரர். அந்த நிலைமையிலும் அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை.

கேப்டன் மேஜையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளையின் கையெழுத்து, நிலையத்துப் பேரேட்டுத் தாளில்.

'மச்சானுக்கு. கோபப்படுவீங்கன்னு தெரியும், முதல்ல சாப்பிட்டுட்டுப் படிங்க. நானும் அவளும் எட்டு வருஷமா உங்ககிட்ட ஒரே விஷயத்தை ஆளுக்கொரு விதமாச் சொல்லிப் பாத்துட்டோம். அவ கெட்டவ இல்ல, நானும் கெட்டவன் இல்ல. ஒரே வீட்டுல இருந்தா ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டுது, அவ்வளவுதான். நீங்க வருவீங்க, சமைப்பீங்க, புத்தி சொல்லுவீங்க. நாங்க உங்க முகத்துக்காகத் தலையாட்டுவோம். நீங்க படியிறங்கினதும் அவ ஒரு அறைக்குப் போவா, நான் ஒரு அறைக்குப் போவேன். இங்க வீட்டுக்குப் போகணும்னு துடிக்கறவன் ஒருத்தன் கிடக்கான். போகவே வேண்டாம்னு நினைக்கற நான் கப்பல் ஏறப்போறேன். அதனால மாத்திக்கிட்டோம். நான் தியாகம் பண்ணேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உலகத்துலயே நீங்க வந்து கூட்டிட்டுப் போக முடியாத ஒரே இடம் இதுதான் மச்சான்.'

இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை படிக்க முடியவில்லை. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் செய்ததெல்லாம் நல்லதற்கு என்று இருபது பேரிடம் சொல்லியிருக்கிறார், இருபது பேரும் ஆமாம் என்றிருக்கிறார்கள். சரி, இந்த மனுஷன் ஓடிப்போய்விட்டான். ஓடிப்போனவன் எதையாவது எழுதத்தான் செய்வான். தங்கை பாவம். அவளுக்கு இதை எப்படிச் சொல்வது? இனி அடுத்த வருஷம் கப்பல் போனால்தான் அவர் திரும்பி வருவார். வாசலில் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொன்ன வாயால் எப்படிச் சொல்வது?

"போன் பேசணும் சார்" என்றார்.

செயற்கைக்கோள் போனில் ஒரு பக்கம் பேசினால் மறுபக்கம் போய்ச் சேர இரண்டு நொடி ஆகும். பதில் வர இன்னும் இரண்டு நொடி. தங்கை எடுத்தாள். பின்னால் கடகடவென்று ஏதோ மெஷின் சத்தம் கேட்டது.

"என்னம்மா சத்தம்?"

"தையல் மெஷின்ணே. கீழ கடை."

"உங்க வீட்டுக்குக் கீழ ஏதும்மா தையல் கடை?"

நாலு நொடி ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. "நீ முதல்ல விஷயத்தைச் சொல்லுண்ணே. யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

சொன்னார். கடிதத்தை மட்டும் சொல்லவில்லை. மெக்கானிக், பிறந்த குழந்தை, காலொடிந்த ஆள் எல்லாம் சொன்னார். உன் புருஷன் பெரிய மனசுக்காரன் என்றுகூடச் சொன்னார். சொல்லிவிட்டு அழுகைச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

"அவர் நல்லா இருக்காரில்ல?"

"நல்லா இருக்கார்ம்மா."

"அடுத்த வருஷம் வரைக்கும் அங்கதானா? நடுவுல வரவே முடியாதா?"

"முடியாதும்மா. பனி மூடிடும், கப்பலே போகாது. நான் என்ன பண்ணுவேன், என்னை எல்லாருமா சேர்ந்து ஏமாத்திட்டாங்க. நான் விட்டிருப்பேனா?"

"இல்லண்ணே, குறை சொல்லலை. உறுதியாத் தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

அவள் பெருமூச்சு விட்டது இரண்டு நொடி கழித்து அவர் காதில் விழுந்தது. அது அழுகைக்கு முன்னால் வருகிற மூச்சு இல்லை. அவளை ஆறு வயசிலிருந்து வளர்த்தவர் அவர், எந்த மூச்சு எது என்று அவருக்குத் தெரியும். பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்து பையைக் கீழே போடும்போது அவள் விடுகிற மூச்சு அது.

"நீ இப்ப எங்கம்மா இருக்கே?" என்று கேட்டார்.

"இங்க மேல ஒரு ரூம் எடுத்திருக்கேன். கடையிலயே வேலை. நீங்க ரெண்டு பேரும் கிளம்பின வாரமே வந்துட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்..." குரல் நின்று, மறுபடி வந்தது. "நீ எப்பண்ணே வர்றே?"

"இன்னும் பதினோரு நாள்."

"வா. வந்து சாப்பிட்டுட்டுப் போ. ஆனா, அண்ணே..." மெஷின் சத்தம் நின்றிருந்தது. கடையில் இருப்பவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்னவோ. "வந்து என் பெட்டியைத் தூக்கமாட்டியே?"

எல்லாரையும் சந்தேகப்பட்ட மனுஷன் தன்னைப் பார்த்துத் தான் வளர்த்த பொண்ணே பயந்துகொண்டிருப்பாள் என்று ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. பேசாமல் இருந்தால் அவள் தப்பாக நினைத்துக்கொள்வாள் என்று அவசரம் அவசரமாக வாயைத் திறந்தார்.

"மாட்டேம்மா" என்றார்.

அது போய்ச் சேர இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடியும் அவள் பயந்துகொண்டுதான் நிற்பாள் என்று நினைத்தபடி, ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.